நாற்காலி நகர்ந்த சத்தம்

அப்பாவின் வலது கை போர்வையின் மேல் எதையோ அராவிக்கொண்டே இருந்தது. அவள் அதைப் பிடித்து நெஞ்சின் மேல் வைத்தாள். கொஞ்சம் அடங்கியிருந்துவிட்டு அது மறுபடியும் நழுவிக் கீழே வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாவியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாகப் போய் வந்தன. நடுநடுவே நிறுத்தி, பல் சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது போல மணிக்கட்டு லேசாகத் திரும்பும். திருப்தி இல்லை. மறுபடி அராவும். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து இதே வேலைதான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பார்க்க வேண்டியவர்கள் என்று பெரிய பட்டாளம் எதுவும் இல்லை. அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. மகளான அவள் பக்கத்திலேயே இருந்தாள். அண்ணன் ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, தன் பீரோ கடையைத் திறந்து ஆளை உட்கார வைத்துவிட்டு வருகிறேன் என்று விடிந்ததும் போனான். மிச்சம் தம்பி. அவனுக்கு நேற்றே போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். "நான் வரலாமாக்கா?" என்று கேட்டான். பெற்ற அப்பனைப் பார்க்க அனுமதி கேட்கிறானே என்று அவளுக்குச் சுருக்கென்றது. வா என்று மட்டும் சொன்னாள்.

"வந்துட்டானா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

யாரைக் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. தம்பியைப் பற்றி அவர் வாய் திறந்து கேட்டே ஆறேழு வருடம் இருக்கும்.

"பஸ் ஏறிட்டான்பா. மத்தியானத்துக்குள்ள வந்துருவான்."

அராவிக்கொண்டிருந்த கை நின்றது.

"அந்த நாற்காலிய எடுத்துரு," என்றார்.

இந்த வீட்டு நாற்காலி சமாசாரத்தை வெளியாளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அப்பா பூட்டுக்காரர். கீழே தெருவைப் பார்த்த கடை, கடைக்குப் பின்னால் பட்டறை அறை, மாடியில் வீடு. மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே கொண்டை ஊசியால் பூட்டுத் திறக்கப் படித்துவிட்டார்கள். அம்மா தின்பண்ட டப்பாவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் அது விளையாட்டுச் சாமானாகிவிடும், யார் முதலில் திறப்பது என்று போட்டி. பூட்டுக்கு மதிப்பே இல்லாத வீட்டில் என்னதான் செய்வது? அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டறையில் ரம்பமும் அமிலமுமாக வேலை நடக்கும்போது வாசலுக்குக் குறுக்கே ஒரு மர நாற்காலியைப் போட்டுவிடுவார். நாற்காலி இருந்தால் உள்ளே வரக் கூடாது. யார் போட்டார்களோ அவர்கள்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் போட்ட நாற்காலியில் கை வைத்தால் அன்றைக்குத் தொலைந்தார்கள்.

அந்த வழக்கம் வீடு முழுக்கப் பரவியது. அம்மா தலைவலி வந்தால் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள். பரீட்சை சமயத்தில் மகளும் போட்டிருக்கிறாள். ஒரு தடவை அண்ணன் கோபித்துக்கொண்டு அறை வாசலில் நாற்காலி போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிடக் கூட யாரும் போகவில்லை, நாற்காலி இருக்கிறதே. கடைசியில் பசி பொறுக்காமல் அவனே எடுத்துவிட்டு வந்து தட்டைப் போட்டுக்கொண்டான். கதவு என்றாலும் பூட்டு என்றாலும் சிரித்த பிள்ளைகள் நாற்காலி என்றால் நின்றார்கள்.

தம்பி விஷயத்தில்தான் அது விளையாட்டாக இல்லாமல் போனது. யாராவது சாவி தொலைந்துவிட்டது, வீட்டைத் திறந்து கொடுங்கள் என்று வந்தால், பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் வந்து நின்று, இவர் வீடுதான் என்று சொல்லாமல் அப்பா பூட்டில் கை வைக்க மாட்டார். மழை பெய்தாலும் சரி, பெரிய மனிதர் வீடானாலும் சரி. ஒரு சாயங்காலம் அப்பா இல்லாத நேரத்தில் நல்ல சட்டை போட்ட ஒருவன் வந்து, குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டது என்று பதறினான். தம்பியும் பதறிக்கொண்டு ஓடினான். பக்கத்து வீட்டைக் கூப்பிடவில்லை. உள்ளே குழந்தையும் இல்லை, ஒன்றும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. திறந்து கொடுத்துவிட்டுக் கூலி கூட வாங்காமல் வந்தான். அந்த வீட்டைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். ஆள் அகப்படவில்லை, திறந்து கொடுத்தவன் அகப்பட்டான். சிறையிலிருந்து அவன் வெளியே வந்த அன்று, தெருமுனையில் அவன் தலை தெரிந்ததும் அப்பா எழுந்து போய்ப் பட்டறை வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டார். தம்பி கடைப் படி ஏறி, அதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். எங்கேயோ தூரத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்ததாகப் பிறகு தெரிந்தது. பூட்டே இல்லாத இடமாகப் பார்த்துத் தேடியிருக்கிறான்.

அதற்குப் பிறகு நாற்காலி அங்கேயேதான். அப்பா தினமும் காலையில் அதை இழுத்து ஓரம் தள்ளிவிட்டு உள்ளே போவார், வேலை முடிந்ததும் பழையபடி குறுக்கே இழுத்துப் போடுவார். அதன் ஒரு காலுக்கு இரும்புப் பூண் போட்டிருந்தது. இழுத்தால் தரையைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம் வரும், மாடி வரை பல் கூசும். நாலு மாதத்துக்கு முன் கால் விழுந்து அவர் மாடியோடு முடங்கியதிலிருந்து அந்தச் சத்தமும் இல்லை.

அவள் கீழே இறங்கி வந்தாள். நாற்காலி தூசி படிந்து நின்றது. கையை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டாள். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, பாங்கியில் லாக்கர் அறைப் பொறுப்பு, இரண்டு பிள்ளைகளின் அம்மா. ஆனாலும் அது அப்பா போட்ட நாற்காலி. எடுக்கச் சொன்னது நினைவோடுதானா, இல்லை போர்வையில் சாவி அராவுவது போல இதுவும் ஒரு பிதற்றலா? நாளைக்கு அண்ணன் கேட்டால் என்ன சொல்வது? எடுக்காமலே மேலே போனாள்.

"எடுத்துட்டேன்பா."

அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"சத்தம் கேக்கலையே," என்றார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. சின்ன வயதில் டப்பாவைத் திறந்துவிட்டு நானில்லை என்று சொல்லி மாட்டிக்கொண்டபோது சுட்டது போலவே சுட்டது. மறு பேச்சுப் பேசாமல் படியிறங்கி ஓடினாள். இரண்டு கையாலும் நாற்காலியின் முதுகைப் பிடித்து, எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவும் வரட்டும் என்று அழுத்தி, சுவர் வரைக்கும் இழுத்தாள். வீடே அலறியது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல்கடை. அங்கே மிஷின் நின்றது. "பூட்டுக்காரரே, எறங்கி வந்துட்டீங்களா?" என்று தையல்காரரின் குரல் கேட்டது, சந்தோஷமாக. பதில் சொல்ல நிற்காமல் அவள் மேலே ஓடினாள்.

அப்பாவின் கை போர்வையின் மேல் விரிந்து கிடந்தது. விரல்களில் எதுவும் இல்லை. முகத்தருகே குனிந்து, "கேட்டுச்சாப்பா?" என்றாள். இன்னொரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

அண்ணன் வரும்போதே கையில் ஒரு புதுப் பூட்டோடு வந்தான். அப்பாவின் கால்மாட்டில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான், பிறகு கீழே போய்க் கடைக் கதவின் பழைய பூட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினான். இத்தனை பேர் வந்து போகிற இடம், சாமான் கிடக்கிறது, பழைய பூட்டின் சாவி யார் யாரிடம் இருக்கிறதோ என்று அவனாகவே சமாதானம் சொன்னான். யார் யாரிடம் என்றால் தம்பியிடம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒன்று, அப்பாவை முதுகில் சுமந்து இந்தப் படியில் எத்தனையோ தடவை ஏறி இறங்கியவன் அவன்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் தினசரியை விரித்துப் படுத்துக் கிடந்தவனும் அவன்தான். அதையும் இல்லையென்று சொல்ல முடியாது.

பட்டறை வாசலைப் பார்த்ததும் அண்ணன் நின்றுவிட்டான்.

"இத யாரு எடுத்தா?"

அவள் துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றிருந்தாள். வாய் வரை வந்தது. அதற்குள் அக்கம்பக்கத்துச் சனம் கடைக்குள் வரத் தொடங்கியிருந்தது. அண்ணன் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. நாற்காலியைச் சத்தம் வராமல் அப்படியே தூக்கிக்கொண்டு போய் வாசலில் குறுக்கே வைத்தான். "அப்பா போட்டது. அவரு போட்ட எடத்துலயே இருக்கட்டும்," என்றான்.

அவள் மென்று முழுங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். கூட்டம் வந்தது, அதனால் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது முழு நிஜம் இல்லை. போன மாதமே அண்ணன் அவள் வீட்டுக்கு வந்து பேசியிருந்தான். கடையும் வீடும் மூன்றாக உடைந்தால் யாருக்கும் உபயோகம் இல்லை, விற்றால் இரண்டாகப் பிரிப்போம். அப்பா தம்பியை நாற்காலி போட்டு நிறுத்தினதை ஊரே பார்த்தது. அவனும் மானஸ்தன், கேட்டால் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவான். நீ குறுக்கே பேசாமல் இருந்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம். அவள் அன்றைக்குச் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காப்பி மட்டும் போட்டுக் கொடுத்தாள். அண்ணன் போன பிறகு அவள் வீட்டுக்காரர், மூன்றில் ஒன்றை விட இரண்டில் ஒன்று பெரிசு என்று, சின்னக் குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்வது போலச் சொன்னார். வாடகை வீட்டில் தண்ணீர் ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார். அவளுக்கும் அது பெரிசாகத்தான் பட்டது.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவின் பக்கத்தில் போய் நிற்பாள், கலையாத போர்வையை இழுத்துச் சரி செய்வாள், வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுப்பாள், பாதி வழியில் சொம்பை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவாள். உட்காரம்மா என்று யாரோ தோளைப் பிடித்து அமுக்கினார்கள். பிடியிலிருந்து நழுவிப் போனாள். கேட்டிருக்குமா என்பது ஒரு பக்கம் அரித்தது. தம்பி வந்தால் அவன் கண்ணில் முதலில் என்ன படும் என்பது இன்னொரு பக்கம்.

மத்தியானம் மயான வண்டி வந்துவிட்டது. தம்பி வராமல் எடுக்கக் கூடாது என்று அவள் சொன்னாள். அண்ணன் முகத்தைச் சுளிக்காமல், இருக்கட்டும், வரட்டும் என்றான். மறுபடியும் ஜன்னலுக்குப் போனபோதுதான் பார்த்தாள். எதிர்ப் பக்கம் மருந்துக் கடையின் நிழலில், தோளில் ஒரு துணிப்பையோடு, காதோரம் நரைத்த ஒரு ஆள் நின்றிருந்தான். வந்து எவ்வளவு நேரம் ஆகிறதோ. உள்ளே வராமல், அப்பாவை வெளியே கொண்டுவரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நிற்கிறான்.

அவள் படியில் தடதடவென்று இறங்கி, தெருவைக் கடந்து, அவன் கையைப் பிடித்தாள். உள்ளங்கை மண்வெட்டி பிடித்துக் காய்த்திருந்தது. "வாடா," என்றாள். வேறு எதுவும் வாயில் வரவில்லை. கடைக்குள் நுழைந்ததும் அவன் கண் நேராகப் பட்டறை வாசலுக்குப் போனது. நாற்காலி குறுக்கே நின்றது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலையோடு மாடிப்படி ஏறினான். அவள் பின்னால் ஏறினாள். அந்தப் படி முடிவதற்குள் சொல்லியிருக்கலாம், நாலு வார்த்தை போதும். சொல்லவில்லை. தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

மயானத்திலிருந்து திரும்பி, குளித்து, வந்தவர்கள் கலைந்து போக வெயில் தாழ்ந்துவிட்டது. மாடியில் இருக்க யாருக்கும் மனம் வரவில்லை. மூன்று பேரும் கடைக்குள் வந்தார்கள். அண்ணன் அப்பாவின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தான். தம்பி வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலில், நுனியில் உட்கார்ந்தான். சுவர் முழுக்க ஆணியில் வெட்டாத சாவிகள் தொங்கின. அவள் மட்டும் உட்காராமல் மேசைக்கும் தெருக் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து மடித்த பத்திரத் தாளை எடுத்து நீவினான். பேச்சு மெதுவாகத்தான் இருந்தது. ராத்திரி பஸ்ஸுக்கே போகிறேன் என்கிறாய், அடிக்கடி வந்து அலைவது உனக்கும் சிரமம், மூன்று பேர் பேரில் கிடந்தால் ஒரு காரியமும் நடக்காது, உன்னை நான் சும்மா விட்டுவிட மாட்டேன், பார்த்து ஏதாவது செய்வேன் என்றான். அதெல்லாம் பொய் என்று சொல்ல முடியாது. செய்யக் கூடியவன்தான். ஆனால் பங்கு வேறு, பார்த்துச் செய்வது வேறு.

"அப்பா மனசு ஒனக்கே தெரியும்," என்று முடித்தான். கண் மட்டும் பட்டறை வாசலுக்குப் போய் வந்தது.

தம்பி தாளைப் படிக்கவில்லை. "தெரியும்ணா. எங்க போடணும்னு சொல்லுங்க," என்றான். முன்பெல்லாம் அண்ணனை நீ, வா, போ என்று பேசியவன்.

அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தான். தம்பி வாங்கிக்கொண்டான். பிடுங்குவதற்கு அங்கே யாரும் இல்லை, அவனாகவே கொடுக்கிறான். அவமானம் என்று ஒன்று மனிதனுக்குள் புகுந்துவிட்டால் தன் சோற்றுத் தட்டைக் கூட அடுத்தவன் பக்கம் தள்ளிவிடும் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. பாங்கியில் ஒரு லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், வாடிக்கையாளரின் சாவி ஒன்று, பாங்கியின் சாவி ஒன்று. எவ்வளவோ பேர் அவசரப்பட்டிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள், சரியான ஆள் என்று தெரியாமல் அவள் தன் சாவியைப் போட்டதில்லை. இன்றைக்குக் காலையிலிருந்து வாயைத் திறக்காமலே தன் சாவியைப் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு நிற்கிறாள்.

"கையெழுத்துப் போடாத," என்றாள்.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"அப்பா நாற்காலிய எடுக்கச் சொன்னாரு. இன்னைக்குக் காலைல. நீ பஸ் ஏறிட்டன்னு சொன்னதும் சொன்னாரு."

அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தை விட ஆச்சரியம்தான் இருந்தது. "காலைல நீ அங்கதான நின்ன. நான் எடுத்துப் போடறப்ப பாத்துக்கிட்டுதான இருந்த. அப்ப என்ன பண்ணிட்டிருந்த?"

"பாதி வருமேன்னு சும்மா இருந்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் எடுக்காமலே எடுத்தேன் என்று பொய் சொன்னது, சத்தம் கேட்கவில்லையே என்று அவர் கண்டுபிடித்தது, மறுபடி ஓடிப் போய் இழுத்தது, திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டது. "அந்தச் சத்தத்தக் கேட்டாரா இல்லையான்னு எனக்குத் தெரியல. அதுதான் கெடந்து அரிக்குது," என்றாள்.

தம்பி பேனாவைத் தாளின் மேல் வைத்தான். "என்னைக் கேட்டாராக்கா?" என்றான்.

"வந்துட்டானான்னு கேட்டாரு."

அவன் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது.

"நீ சொல்றதுக்கு யாரு சாட்சி?" என்றான் அண்ணன். "அப்பாவா இருந்தா பக்கத்து வீட்ட கூப்பிட்டு நிறுத்தாம ஒரு பூட்டுல கை வச்சிருப்பாரா?"

"நான் இழுத்தப்ப தையல்காரருக்குக் கேட்டுச்சு. அப்பா எறங்கி வந்துட்டாருன்னு நெனச்சு கொரல் குடுத்தாரு. வேணும்னா கூப்பிட்டுக் கேளு."

அண்ணன் எழுந்து தெருக் கதவு வரை போனான். பக்கத்துக் கடையைச் சாத்திவிட்டுத் தையல்காரர் உள்ளே விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தார், துக்கத்துக்கு மிஷின் ஓட்டவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரம். அண்ணன் கூப்பிடவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கூப்பிட மாட்ட," என்றாள் அவள். "சாட்சியெல்லாம் ஒனக்குத் தேவையில்லண்ணா. இந்த வீட்டுல அடுத்தவங்க நாற்காலிய யாரு எடுத்திருக்கோம்? காலைல அது சுவரோரமா கெடந்ததப் பாத்தப்பவே ஒனக்குத் தெரிஞ்சுருக்கும், அப்பா சொல்லாம அது நகராதுன்னு."

அவன் திரும்பவில்லை.

"இப்ப வாசல்ல கெடக்கறது அப்பா போட்ட நாற்காலி இல்ல. நீ போட்டது."

போய் அந்த நாற்காலியைத் தானே தள்ளிவிடலாம் என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. தள்ளக் கூடாது, போட்டவன்தான் எடுக்க வேண்டும். அவன் எடுக்காவிட்டால்? எடுக்காமல் வெளியே போய்விட்டால் தம்பி பேனாவை மறுபடி கையில் எடுப்பான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்றான் அண்ணன். தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டான், பீரோ வாங்க வந்தவனிடம் பேசுகிற குரலாக இல்லை.

சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். காலையில் சொன்ன பொய் இன்னும் காது மடலில் சுட்டுக்கொண்டிருந்தது.

"ஒன்னப் பத்திக் கேக்கறதுக்கு என்ன இருக்கு? ராத்திரி பூரா நீதான் பக்கத்துல இருந்த," என்றாள்.

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டான். உள்ளே வந்தான். தம்பியைத் தாண்டி, அவளைத் தாண்டி, பட்டறை வாசலுக்குப் போனான். காலையில் போலத் தூக்குவான் என்று நினைத்தாள். அவன் தூக்கவில்லை. முதுகுக் கட்டையைப் பிடித்து இழுத்தான். இரும்புப் பூண் தரையைக் கிழித்தது. ஆணியில் தொங்கிய சாவிகள் எல்லாம் அதிர்ந்தன. சுவர் வரைக்கும் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு போனான்.

"பூட்டுக்காரரே..." என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் தொடங்கி, அப்படியே நின்றது.

அண்ணன் மேசைக்குத் திரும்பி வந்து பேனாவை மூடினான். தாளைக் கிழிக்கவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு அதே பையில் துழாவிப் புதுப் பூட்டின் சாவியை எடுத்து மேசையில் வைத்தான்.

"இதுக்குச் சாவி ஒண்ணுதான் இருக்கு," என்றான், பொதுவாக.

தம்பி சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தான். பல்லை விரலால் தடவினான். எழுந்து சுவரில் அதற்குப் பொருந்துகிற வெட்டாத சாவியைத் தேடினான். கையை நீட்டிவிட்டு, கடைக்கு வருகிறவர்களிடம் அப்பா எப்போதும் கேட்கிற கேள்வியை அவனை அறியாமல் கேட்டான்.

"எத்தனை?"

அண்ணன் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தான். ஒரு செருப்பு மாட்டவில்லை. குனிந்து வாரைச் சரி செய்தான்.

"ஆளுக்கு ஒண்ணு," என்றான்.

தம்பி பட்டறைக்குள் போய் விளக்கைப் போட்டான். இழுப்பறை திறக்கிற சத்தம், பிடிகருவியை முறுக்குகிற சத்தம். பிறகு அரம் இரும்பில் விழத் தொடங்கியது. அண்ணன் படியிறங்காமல் வாசலிலேயே நின்றான்.

அவள் சுவரோரம் போய் நாற்காலியின் தூசியை முந்தானையால் துடைத்தாள். அந்த வீட்டில் அதில் யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள்.